வடிகட்டியில் நிற்கும் அமிலம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் தைலத்தைப் பற்றியும் அமிலத்தைப் பற்றியும்தான். ஊட்டியில் நாலு நாளாக விடாத மழை, வெளியே கால் வைக்க வழியில்லை. அடுப்புப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன். ஒன்றிரண்டு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கடையில் விண்டர்கிரீன் தைலம் வாங்க வருகிறவர்கள், "இது இலையில் எடுத்ததா, கெமிக்கலா?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நான் என்ன பதில் சொல்லட்டும்?
(தைலக் கடைக்காரர், குன்னூர்)

உள்ளதைச் சொல்லுங்கள். விண்டர்கிரீன் நம் சோலை ஓரங்களில் தானாக வளர்கிற செடி. தாவரவியலில் கால்தேரியா என்று பெயர். செடிக்குள் அதன் வாசனைப் பொருள் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. இலையைக் கசக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால்தான் அந்தக் கட்டு அவிழும். அப்புறம் காய்ச்சி இறக்கினால் வருகிற தைலம் கிட்டத்தட்ட முழுக்கவே ஒரே பொருள், மெத்தில் சாலிசிலேட். அதே பொருளைத் தொழிற்சாலையில் சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்துச் செய்கிறார்கள். சந்தையில் விற்பதில் பெரும்பகுதி இப்படிச் செய்ததுதான்.

மூலக்கூறு ஒன்றே என்பதால் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது, மூட்டு வலிக்கும் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பனை அளக்க வேண்டும். செடியில் அது கொஞ்சம் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து வந்த சரக்கில் இருக்காது, கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்து எல்லாம் சிதைந்து போயிருக்கும். உங்கள் கடைக்கு அந்தக் கருவி கட்டுப்படியாகாது.

என் அப்பா கற்பூர மரத் தைலம் காய்ச்சியவர். யூகலிப்டஸைத்தான் எங்கள் பக்கம் கற்பூர மரம் என்போம். எந்தத் தைலத்தையும் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தே எந்தப் பக்கத்து இலை என்று சொல்லிவிடுவார். ஒருமுறை நான் கல்லூரி லேபில் செய்த விண்டர்கிரீனை ஒரு சின்னச் சீசாவில் கொண்டுபோய் நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "நல்லா இருக்கேப்பா, எந்தச் சோலையில பறிச்சது?" என்றார். நான் கடைசி வரைக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கடையில் எழுதி ஒட்டுங்கள். இலையில் எடுத்ததோ லேபில் செய்ததோ, இது மேலே பூச மட்டும்தான். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி உள்ளே போனால் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். இனிப்பு வாசனை வேறு. குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

கேள்வி: எங்கள் துறையில் நடந்த கருத்தரங்கில் "அமிலம் பொருத்திய நுண்துளை உலோக-கரிமப் பொருட்கள்: மீண்டும் பயன்படும் வினையூக்கிகள்" என்று ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். கந்தக அமிலமே நல்ல வினையூக்கி ஆயிற்றே சார், அதை எதற்குக் கொண்டுபோய் ஒரு பொடிக்குள் ஒட்ட வேண்டும்?
(எம்.எஸ்ஸி. மாணவி, ஊட்டி)

நல்ல இடத்தில் பிடித்தாய் அம்மா. மேலே சொன்ன விண்டர்கிரீனையே எடுத்துக்கொள்வோம். முப்பது வருடம் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நான் செய்யச் சொன்ன சோதனை அது. 5 கிராம் சாலிசிலிக் அமிலம், 15 மில்லி மெத்தனால், 2 மில்லி அடர் கந்தக அமிலம். மீள்கொதிப்பில், அதாவது ஆவியைக் குளிரவைத்துத் திரும்பக் குடுவைக்கே இறக்கிக் கொதிக்க வைத்தால் போதும், லேப் முழுக்க அயோடெக்ஸ் வாசனை அடிக்கும். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

வினை முடிந்த பிறகுதான் சிக்கல். வினையூக்கி என்றால் வினையை வேகப்படுத்தும், தான் செலவாகாது என்று படித்திருக்கிறாய். கந்தக அமிலமும் செலவாவதில்லை, ஊற்றிய 2 மில்லியும் குடுவைக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் எல்லாவற்றோடும் கலந்து கிடக்கிறது, பிரித்து எடுக்க வழியில்லை. எனவே சமையல் சோடாவைப் போட்டு அதைக் கொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார். 2 மில்லி அடர் அமிலம் என்பது ஏறக்குறைய 3.6 கிராம். அதை முழுக்கச் சமப்படுத்த 6 கிராமுக்கு மேல் சமையல் சோடா வேண்டும். 5 கிராம் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எடுத்தாலும் கிடைக்கப்போகிற தைலம் 5.5 கிராம்தான். செய்த பொருளைவிட அமிலத்தைக் கொல்ல வாங்கிய சோடா அதிகம்! கடைசியில் 5 கிராம் அளவுக்கு சோடியம் சல்ஃபேட் உப்பு, தண்ணீரோடு தொட்டியில் போகும்.

சோடாவாவது போட்டோமா என்றால், அதுவும் எல்லா நாளும் இல்லை. பிள்ளைகள் பஸ்ஸுக்கு அவசரப்பட்டால் அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நான் வேலை பார்த்த கல்லூரியின் பெயர் வேண்டாம். மலைச்சரிவில் லேப், அதற்குக் கீழே படிப்படியாகக் கேரட் தோட்டம். ஒருநாள் தோட்டக்காரர் ஒருவர், மண் ஒட்டிய காலோடு வராந்தாவில் வந்து நின்றார். கையில் மஞ்சளடித்துப் போன கேரட் செடி. "சார், நான் வருஷா வருஷம் காசு குடுத்து சுண்ணாம்பு வாங்கிப் போடுறேன். நீங்க மேல இருந்து சும்மாவே புளிப்பு ஊத்துறீங்க" என்றார். நம் மலை மண்ணே அமிலத்தன்மை உள்ளது. தேயிலைக்கு அது பிடிக்கும், கேரட்டுக்குப் பிடிக்காது. போய்ப் பார்த்தால் லேப்பின் வடிகால் குழாய் அரித்துப்போய், வரப்பு ஓரமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. அவருக்கு நான் சொல்ல ஒரு பதிலும் இல்லை. குழாயை மாற்ற நிர்வாகம் ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டது.

உன் கருத்தரங்கின் விஷயம் இந்த ஒழுகலில் இருந்துதான் தொடங்குகிறது. அமிலம் கரையாமல் ஒரு திடப்பொருளின் மேல் நின்றுகொண்டே வேலை செய்தால்? வேலை முடிந்ததும் வடிகட்டினால் போதும். தைலம் கீழே இறங்கும், அமிலம் வடிகட்டியில் நிற்கும். சோடா வேண்டாம், உப்பு வராது, கேரட்டும் பிழைக்கும்.

யோசனை பழையதுதான். வீட்டில் உப்புத் தண்ணீரை மென்னீராக்கும் கருவியில் மஞ்சள் மணிகள் இருக்குமே, அது பாலிஸ்டைரீனில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதியை ஒட்டியதுதான். அங்கே சோடியம் வடிவில் இருக்கும். அதையே அமில வடிவில் ஆம்பர்லிஸ்ட்-15 என்ற பெயரில் தொழிற்சாலைகள் வினையூக்கியாக வெகுநாளாகப் பயன்படுத்துகின்றன. விலை மலிவு, ஆனால் 120 டிகிரிக்கு மேல் சூடு தாங்காது. பெட்ரோலியத்தை உடைக்கிற ஜியோலைட்டும் திட அமிலம்தான். அது சூட்டுக்கு அசையாது, ஆனால் துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் பருமனான மூலக்கூறு வாசலிலேயே நின்றுவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்ததுதான் உலோக-கரிமச் சட்டகம். ஆராய்ச்சிக்காரர்கள் எம்.ஓ.எஃப். என்பார்கள், என் பழைய மாணவி ஒருத்தி செல்லமாக "மாஃப்" என்கிறாள். பந்தல் போடுவதை நினைத்துக்கொள். முடிச்சு இருக்கும் இடத்தில் உலோக அணுக்களின் கொத்து, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே கழியாகக் கரிம மூலக்கூறு. பெரும்பாலும் பயன்படுகிற கழி டெரிஃப்தாலிக் அமிலம். பெயரைக் கேட்டுப் பயப்படாதே, தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கில் பாதி அதுதான். மலையேறும் வழியில் சோதனைச்சாவடியில் பிடுங்கி வைக்கிறார்களே, அந்தப் பாட்டில்.

பந்தலில் கழியும் முடிச்சும் போக மீதியெல்லாம் வெற்றிடம். 2005-ல் பிரான்சில் வெர்சாய் நகரத்தில் ஃபெரே குழுவினர் குரோமியத்தையும் டெரிஃப்தாலிக் அமிலத்தையும் கொண்டு மில்-101 என்ற சட்டகத்தைச் செய்தார்கள். உள்ளறைகள் 2.9, 3.4 நானோமீட்டர் அகலம். நம் தைல மூலக்கூறு கையை வீசிக்கொண்டு நடக்கலாம். அதில் 1 கிராமின் உட்பரப்பை விரித்துப் போட்டால் 3,000 சதுர மீட்டரைத் தாண்டும். நம்மூர்க் கணக்கில் 74 சென்ட். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் சின்னத் தேயிலைத் தோட்டம் ஒன்று மடிந்து கிடக்கிறது.

இனி அமிலத்தை எங்கே ஒட்டுவது? கழியில் ஒட்டுவது ஒரு வழி. சல்ஃபோனிக் தொகுதி என்பது என்ன? கந்தக அமிலத்தின் ஒரு கையைப் பிடித்து பென்சீன் வளையத்தில் கட்டிவிட்டால் அதுதான். அமிலத்தின் வேலையே புரோட்டானைக் கொடுப்பதுதான். அதைக் கொடுக்கிற இன்னொரு கை சும்மா இருக்கிறது, ஆனால் ஓடிப்போக முடியாது. கட்டிப்போட்ட மாடு பால் கறக்காமலா இருக்கிறது? 2011-ல் கியோட்டோவில் கிடகாவா குழுவினர் இப்படி ஏற்கெனவே சல்ஃபோனிக் ஒட்டிய டெரிஃப்தாலிக் அமிலத்தையே கழியாக வைத்து மில்-101 மாதிரியான சட்டகத்தைக் கட்டினார்கள். ஒவ்வொரு கழியிலும் ஒரு அமிலம். அதைப் போட்டு, மரத்திலும் பஞ்சிலும் இருக்கிற செல்லுலோஸைத் தண்ணீரிலேயே சர்க்கரையாக உடைத்துக் காட்டினார்கள்.

முடிச்சில் ஒட்டுவது இன்னொரு வழி. சிர்க்கோனியம் முடிச்சு உள்ள மாஃப்-808 என்ற சட்டகத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் சல்ஃபேட் அந்த உலோகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2014-ல் அமெரிக்காவில் யாகி குழுவினர் செய்தது இது. நூறு சதவீதக் கந்தக அமிலத்தைவிட உக்கிரமான அமிலங்களைச் சூப்பர் அமிலம் என்பார்கள், அந்த வரிசையில் போய் நின்றது இந்தப் பொடி. நீர்த்த அமிலத்தில் ஊறியது அடர் அமிலத்தைவிட உக்கிரமாகிவிட்டது என்பதை முதலில் படித்தபோது நான் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். இது தவிர, பாஸ்ஃபோடங்ஸ்டிக் அமிலம் போன்ற குண்டான அமில மூலக்கூறுகளை அறைக்குள் அடைத்து வைப்பதும் உண்டு. அறை பெரியது, வாசல் சின்னது, உள்ளே அடைபட்டது சுலபமாக வெளியே வராது.

உன் பேராசிரியரிடம் கேட்க ஒரு கேள்வி தருகிறேன். கந்தக அமிலம் குடுவைக்குள் இரண்டு வேலை செய்கிறது. புரோட்டான் கொடுக்கிறது, வினையில் உண்டாகிற தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் விலகினால்தான் வினை முன்னால் போகும். பொடியில் ஒட்டிய அமிலம் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். அப்படியென்றால் தண்ணீரை என்ன செய்கிறார்கள்? மெத்தனாலை அதிகமாக ஊற்றுகிறார்களா, வேறு வழி வைத்திருக்கிறார்களா? நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம், நீயே கேட்டதாக இருக்கட்டும்.

கேள்வி: "ஐந்து முறை மீண்டும் பயன்படுத்தினோம், திறன் குறையவில்லை" என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எழுதுகிறார்களே, எங்கள் ஃபேக்டரியில் ஒரு சல்லடை ஐந்து வருடம் உழைக்கிறது. ஐந்து முறை என்பது ஒரு பெருமையா?
(தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், கோத்தகிரி)

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. ஐந்து முறை என்பது ஆராய்ச்சியில் தொடக்கம், தொழிலில் ஒன்றுமே இல்லை. அந்த ஐந்து முறையையும் எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒரு புது பஸ்ஸும் ஒரு ஓட்டை பஸ்ஸும் கிளம்புகின்றன என்று வையுங்கள். ஐந்து மணி நேரம் கழித்து ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால் இரண்டும் நிற்கும். அதை வைத்து இரண்டு எஞ்சினும் ஒன்று என்று எழுதலாமா? வினையும் அப்படித்தான். ஒரு மணியில் முடிகிற வினைக்கு ஐந்து மணி கொடுத்துவிட்டுக் கடைசியில் அளந்தால், வினையூக்கியில் பாதி செத்திருந்தாலும் 98 சதவீதம் என்றுதான் வரும். பர்லியாறு தாண்டும்போது எந்த பஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதாவது வினை முப்பது நாற்பது சதவீதம் போயிருக்கும்போது வேகத்தை அளந்து, ஒவ்வொரு முறையும் அதை ஒப்பிட வேண்டும். அப்படி அளந்தவர் எழுதியதை நான் நம்புவேன்.

இன்னொரு சோதனை, உங்களுக்கு உடனே பிடிபடும். டீத்தூள் கொதிக்கும்போது பாதியிலேயே வடிகட்டிவிடுங்கள். வடிகட்டிய டிக்காஷனை மறுபடி அடுப்பில் வைத்தால் நிறம் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் தூள் சல்லடைக்குள் நுழைந்து கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வினையூக்கியையும் சூடாக இருக்கும்போதே பாதியில் வடிகட்டி, திரவத்தை மட்டும் தொடர்ந்து சூடாக்குவார்கள். வினை அங்கேயே நின்றால் அமிலம் பொடியில்தான் இருக்கிறது. தொடர்ந்தால் அமிலம் கழன்று திரவத்துக்குள் வந்துவிட்டது, பழைய கந்தக அமிலக் கதைதான், நடுவில் ஒரு விலையுயர்ந்த பொடி. சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும் என்பது முக்கியம். ஆறவிட்டால் கழன்றது திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டு ஆளை ஏமாற்றும்.

கழல்வது ஒரு நோய்தான். துளைகளில் பிசின்போல அழுக்கு அடைப்பது இன்னொன்று. பந்தலே சரிவது மூன்றாவது. யாகியின் புகழ்பெற்ற மாஃப்-5 என்ற துத்தநாகச் சட்டகம் ஈரக் காற்றிலேயே உடைந்துவிடும், நம் ஊரில் அது ஒரு நாள் தாங்காது. தைலம் செய்கிற வினையிலோ தண்ணீர் கூடவே பிறக்கிறது. அதனால்தான் இந்த வேலைக்கு குரோமியம், சிர்க்கோனியம் என்று பிடி இறுகிய உலோகங்களைத் தேடிப் போகிறார்கள். 2008-ல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் செய்த யூ.ஐ.ஓ-66 என்ற சிர்க்கோனியச் சட்டகத்தில் ஒவ்வொரு முடிச்சிலும் 12 கழிகள். ஒன்றிரண்டு கழன்றாலும் பந்தல் நிற்கும்.

விண்டர்கிரீன் விஷயத்தில் எனக்கு ஒரு தனிப்பட்ட பயம் உண்டு. சாலிசிலிக் அமிலத்தில் ஃபெரிக் குளோரைடு சொட்டினால் ஊதா நிறம் வருமே, பிராக்டிகலில் எல்லாரும் பார்த்ததுதான். உலோகத்தைக் கண்டால் அது அப்படித் தாவிப் பிடிக்கும் என்பதற்கு அந்த ஊதாவே சாட்சி. அப்படிப்பட்டதை ஒரு உலோகச் சட்டகத்துக்குள் விட்டால், கழியைத் தள்ளிவிட்டு அது போய் முடிச்சில் உட்காராதா? வேறு தைலத்துக்கு நன்றாக வேலை செய்யும் பொடி இதற்கும் செய்யும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: சமவெளியிலிருந்து வந்த மருமகள் ஊட்டியில் பருப்பு வேகவில்லை என்று பருப்பைக் குறை சொல்கிறாள். யார் மேல் தப்பு?
(குடும்பத் தலைவி, குந்தா)

காற்றின் மேல். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது. குக்கர் வாங்கிக் கொடுங்கள். லேபிலும் இதே தொல்லைதான். மெத்தனால் சமவெளியில் 65 டிகிரியில் கொதிக்கும், இங்கே 58-லேயே. புத்தகத்தில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தால் நான் பிள்ளைகளை ஒன்றரை மணி வைக்கச் சொல்லுவேன். மருமகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, பருப்பிடம் கேட்கலாம்.

கேள்வி: 2025 வேதியியல் நோபல் பரிசு இந்த உலோக-கரிமச் சட்டகங்களுக்குத்தானா? யார் யாருக்கு?
(வாசகர், கூடலூர்)

இதற்குத்தான். சட்டகங்களை உருவாக்கியதற்காக சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமார் யாகி மூவருக்கும். மூவரில் எனக்குப் பிடித்தவர் ராப்சன். 1974-ல் மெல்போர்னில் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்ய மரப்பந்துகளில் துளை போடக் கொடுத்தார். துளை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே உருவத்தைத் தீர்மானித்துவிடுகிறதே என்று அப்போது மண்டையில் தட்டியது. அதை உண்மையான அணுக்களை வைத்துச் செய்து காட்ட 1989 ஆகிவிட்டது. பாடம் நடத்தத் தச்சு வேலை செய்யப்போய் நோபல் வாங்கிய வாத்தியார்! நானும் முப்பது வருடம் பந்தும் குச்சியும் வைத்துப் பாடம் நடத்தினேன். என் பந்துகளை எலிதான் கடித்தது.

கேள்வி: டீக்கடை வைத்திருக்கிறேன். பஜ்ஜி போட்ட பழைய எண்ணெயில் டீசல் செய்யலாம் என்கிறார்கள். நீங்கள் சொல்லும் அமிலப் பொடியை வாங்கிப் போட்டால் ஆகுமா? எங்கே கிடைக்கும்?
(டீக்கடைக்காரர், கேத்தி)

அண்ணே, முதலில் அடுப்பை விட்டுத் தள்ளி வந்து கேளுங்கள். இதில் மெத்தனால் சேர்க்க வேண்டும். அது விஷம், சட்டென்று தீப்பிடிக்கும், கடையில் வைத்துச் செய்கிற வேலையில்லை.

விஷயம் உண்மைதான். புது எண்ணெய் என்றால் காஸ்டிக் சோடாவைப் போட்டே பயோடீசல் ஆக்கிவிடலாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் தனியாகப் பிரிந்து நிறைய இருக்கும். அதில் காஸ்டிக் போட்டால் டீசலுக்குப் பதில் சோப்பு வரும். அங்கேதான் அமில வினையூக்கி வேண்டும். பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலத்தை மெத்தனாலோடு சேர்ப்பது, நம் விண்டர்கிரீன் வினையின் ஒன்றுவிட்ட தம்பி. கந்தக அமிலம் போட்டால் இரும்புத் தொட்டியை அரிக்கும், கடைசியில் கழுவிக் கொட்டவும் வேண்டும். திட அமிலம் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதனால் சல்ஃபோனிக் ஒட்டிய சட்டகங்களை இந்த வேலைக்கு நிறையப் பேர் சோதித்துப் பார்க்கிறார்கள். பஜ்ஜி எண்ணெயின் மூலக்கூறுக்கு 18 கார்பன் நீள வால் இருக்கிறது, அதற்கு அகலமான வாசல் வேண்டும். யூ.ஐ.ஓ-66-ன் வாசல் 0.6 நானோமீட்டர்தான். வால் உள்ளே போகத் திணறும், வேலையெல்லாம் வெளித் திண்ணையிலேயே நடக்கும்.

ஆனால் விலைக்கு வாங்கிப் போடுகிற நிலையில் இது இன்னும் இல்லை. கியோட்டோக்காரர்கள் செய்த அந்த அமிலப் பொடிக்கு நச்சான குரோமியம் ஆக்சைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் மூடிய கலத்தில் போட்டு 180 டிகிரியில் நாள் கணக்கில் வைக்க வேண்டும். முதல் மில்-101-ஐச் செய்ததோ ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில், கண்ணாடியையே தின்கிற அமிலம் அது. ஒரு அமிலத்துக்குப் பயந்து இன்னொரு அமிலத்தின் மடியில் உட்கார்ந்த கதையாக எனக்கு இது பல நாள் உறுத்தியது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட்டால் கணக்கு நஷ்டம். நூறு முறை, ஆயிரம் முறை ஓடினால்தான் செய்தபோது பட்ட பாவம் தீரும். கோத்தகிரிக்காரர் கேட்ட கேள்வி எவ்வளவு சரி என்று பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பழைய எண்ணெயில், காயக் காயச் சிதைந்து சேர்கிற துருவப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே விதி போட்டுவிட்டது. பயோடீசலுக்கென்று எண்ணெய் சேகரிக்கும் ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது. கேனில் ஊற்றி வைத்து அவர்களிடம் கொடுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். உங்கள் கடைக்குக் கீழேயும் யாருடைய கேரட்டோ இருக்கும்.

கேள்வி: நீங்கள் இந்தப் பொடியை நேரில் பார்த்திருக்கிறீர்களா தாத்தா? எப்படி இருக்கும்?
(பத்தாம் வகுப்பு மாணவன், குன்னூர்)

பார்த்திருக்கிறேன் தம்பி. "மாஃப்" என்று சொல்லுகிறவள் இருக்கிறாளே, கோவையில் ஆராய்ச்சி செய்கிறாள், போன மழைக்காலத்தில் என்னைப் பார்க்க வந்தாள். கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் பச்சை நிறப் பொடி. குரோமியம் இருப்பதால் அந்தப் பச்சை. பார்க்க மருதாணித் தூள் மாதிரிதான் இருந்தது. நாலு முறை பயன்படுத்திக் கழுவிக் காயவைத்ததாம். "நாலு முறைக்கே இவ்வளவுதானா மிச்சம்?" என்றேன். "வேலை செய்றது குறையல சார். வடிகட்டித் தாள்ல ஒட்டிக்கிட்டே பாதி போயிருது" என்றாள். கட்டுரைகளில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

என்னிடம் கல்லூரியிலிருந்து ஏலத்தில் எடுத்த பழைய தராசு ஒன்று இருக்கிறது, மில்லிகிராம் வரை காட்டும். ஆசைக்கு அதில் வைத்து எடை போட்டுக் குறித்துக்கொண்டோம். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. குப்பியின் மூடியைப் போட மறந்து ஜன்னல் ஓரத்திலேயே விட்டுவிட்டாள். ராத்திரி முழுக்க மூடுபனி. காலையில் எடை போட்டால் பொடி நேற்றையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்! அவள் முகம் வெளுத்துவிட்டது. கேரட்டுக்காரருக்குப் பிறகு ஒரு வேதியியல் விஷயத்துக்காக இவ்வளவு கலவரமான முகத்தை நான் பார்த்ததில்லை.

பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை, பொடி மூடுபனியைக் குடித்திருக்கிறது. அதன் அறைகள் தன் எடை அளவுக்கே தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அவள் கோவைக்குப் போய் வெற்றிட அடுப்பில் 150 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் காலையில் போன் செய்தாள். எடை பழையபடி வந்துவிட்டதாம், ஐந்தாவது முறைக்கு வினையில் போட்டிருக்கிறாளாம். ஊட்டியில் குடித்த தண்ணீர் ஒரு மில்லிகிராம்கூட மிச்சமில்லை சார் என்றாள்.